வி. எஸ். நரசிம்மன்: மூன்று அரங்குகளில் ஒரு வயலின்

வி. எஸ். நரசிம்மன் தமிழ்த் திரையிசையின் முதன்மையான வயலின் கலைஞர்களில் ஒருவர். இளையராஜாவின் இசைக்குழுவில் தனி வயலின் வாசித்தவர். கே. பாலசந்தரின் சில படங்களுக்கு இசையமைத்தவர். மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்டெட் என்ற நால்வர் குழுவை நடத்தியவர். திரைப்படப் பாடல் கேட்கும் தமிழர் பெரும்பாலோர் இவருடைய வாசிப்பை நூற்றுக்கணக்கான முறை கேட்டிருப்பார்கள். அவர்களில் சிறுபகுதியினருக்கே இவர் பெயர் தெரியும்.

தமிழில் திரையிசை பற்றி எழுதப்படும் வரலாறு இசையமைப்பாளர்களின் வரலாறாகவே இருக்கிறது. பாடகர்களுக்கும் பாடலாசிரியர்களுக்கும் அதில் அடுத்தடுத்த இடங்கள் உண்டு. வாத்தியம் வாசித்தவர்கள் பெரும்பாலும் 'இசைக்குழு' என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகிறார்கள். ஒலிப்பதிவுக் கூடம், படத்துக்கு இசையமைத்தல், மேடை ஆகிய மூன்று அரங்குகளிலும் இயங்கியவர் நரசிம்மன். வாசித்தவரைக் கணக்கில் கொண்டால் இந்த வரலாறு எப்படி மாறும் என்று பார்க்க அவருடைய வாழ்க்கைப்பணி நல்ல எடுத்துக்காட்டு.

பின்புலம்

சென்னையின் திரையிசைக் கலைஞர்கள் பல ஊற்றுகளிலிருந்து வந்தவர்கள். கர்நாடக இசைக் குடும்பங்கள், நாடகக் குழுக்கள், தேவாலயப் பாடகர் குழுக்கள், ஆங்கிலோ இந்திய நடன இசைக்குழுக்கள் ஆகியவை அவற்றில் முக்கியமானவை. மேற்கத்திய இசைக்குறிப்பை வாசிக்கத் தெரிந்தவர்களும் கேள்விஞானத்தால் வாசிப்பவர்களும் ஒரே கூடத்தில் அமர்ந்தார்கள்.

இந்த இரு மரபுகளையும் இணைத்த இடங்களில் ஒன்று மயிலாப்பூர் சாய் லாட்ஜ். அங்கே தங்கியிருந்த தன்ராஜ் மாஸ்டரிடம் இளையராஜா மேற்கத்திய இசை பயின்றார். விஜி மானுவல், எல். வைத்தியநாதன், வித்யாசாகர் எனப் பலரும் அவரிடம் கற்றவர்களே. தன்ராஜ் மாஸ்டரின் பெயரைத் தாங்கி நிற்கும் திரைப்படங்கள் இல்லை. ஆனால் இசைக்குறிப்பை வாசித்து, எழுதி, சுரக்கோவைகளைப் புரிந்துகொள்ளும் ஒரு தலைமுறை அந்த அறையிலிருந்து உருவானது.

இசையமைப்பாளர், வாத்தியக் கலைஞர் என்ற பிரிவும் நாம் நினைப்பதுபோல உறுதியானதன்று. 'அன்னக்கிளி' (1976) வெளிவரும் முன் இளையராஜா கித்தார் கலைஞராகவும் ஜி. கே. வெங்கடேஷின் உதவியாளராகவும் பணிபுரிந்தார். 'ரோஜா' (1992) வரும் முன் ஏ. ஆர். ரஹ்மான் பல இசையமைப்பாளர்களிடம் கீபோர்டு வாசித்தார். விளம்பர இசை அமைத்தார். ஹாரிஸ் ஜெயராஜும் அவ்வாறே கீபோர்டிலிருந்து இசையமைப்புக்கு வந்தவர். இவர்கள் மூவரும் கூடத்தின் உள்ளிருந்து வெளியே வந்து பெயர் பெற்றவர்கள். நரசிம்மன் அந்தக் கூடத்துக்கு வெளியேயும் பணியாற்றினார், உள்ளேயும் தொடர்ந்தார்.

ஒலிப்பதிவுக் கூடத்தின் வேலை

திரையிசைக் கலைஞரின் வருமானத்துக்கு அலகு கால்ஷீட். குறிப்பிட்ட சில மணிநேரம் கொண்ட ஒரு பணிவேளைக்கு இவ்வளவு என்று ஊதியம். பாடல் புகழ்பெற்றாலும் படம் ஓடாவிட்டாலும் வாசித்தவருக்கு அன்றைய ஊதியம் மட்டுமே. அந்த ஊதியமும் உரிய நேரத்தில் கிடைப்பது ஒருகாலத்தில் உறுதியில்லாமல் இருந்தது. இசையமைப்பாளர் எம். பி. ஸ்ரீனிவாசன் முன்னின்று அமைத்த திரையிசைக் கலைஞர்கள் சங்கம்தான் கால்ஷீட், ஊதிய அளவு ஆகியவற்றை ஒழுங்குக்குக் கொண்டுவந்தது.

கூடத்தில் கலைஞரிடம் எதிர்பார்க்கப்படுவது மூன்று. முதலாவது, முன்பின் பார்க்காத இசைக்குறிப்பைப் பார்த்தவுடன் வாசிப்பது. இரண்டாவது, முப்பது நாற்பது பேர் சேர்ந்து வாசிக்கும்போது வில்லின் போக்கும் ஒலியளவும் ஒன்றாக இருக்கும்படி தன்னை அடக்கிக்கொள்வது. மூன்றாவது, தனி வாசிப்பு வரும்போது சில நொடிகளுக்குள் தன் முழுத் திறனையும் காட்டுவது. பல வாத்தியங்களை ஒரே நேரத்தில் பதிவுசெய்த நாட்களில் ஒருவர் தவறினால் எல்லோரும் முதலிலிருந்து வாசிக்க வேண்டியிருந்தது. எனவே பிழையின்மையே தொழிலின் முதல் தகுதி.

பாடல் பதிவைவிடப் பின்னணி இசைச் சேர்ப்பு, அதாவது ரீரெக்கார்டிங், கடினமானது. திரையில் காட்சி ஓடும். குறிப்பிட்ட நொடியில் தொடங்கிக் குறிப்பிட்ட நொடியில் முடிக்க வேண்டும். காட்சியின் உணர்வு என்ன என்பது வாசிப்பவருக்குப் பெரும்பாலும் அப்போதுதான் தெரியும்.

வயலின் கலைஞருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. கர்நாடக இசையில் வயலினைத் தரையில் அமர்ந்து, அதன் தலைப்பகுதியைக் காலில் ஊன்றி வாசிப்பார்கள். நான்கு தந்திகளும் ச-ப-ச-ப என்று சுருதி சேர்க்கப்படும். இடக்கை தாங்கும் சுமையிலிருந்து விடுபடுவதால் விரல்கள் தந்தியில் வழுக்கிச் சென்று கமகங்களை எழுப்பும். மேற்கத்திய முறையில் வயலின் தோளில் அமரும். தந்திகளின் சுருதி வேறு. விரல்கள் ஒவ்வொரு சுரத்திலும் தெளிவாக ஊன்றும். திரையிசைக்கு இரண்டும் தேவை. ஒரே பாடலின் முன்னிசையில் மேற்கத்திய நடையும் இடையிசையில் கமகமும் வரலாம். இரண்டு மொழிகளையும் சரியான உச்சரிப்பில் பேசும் வயலின்கள் மிகக் குறைவு. நரசிம்மனுடையது அவற்றில் ஒன்று.

ராஜபார்வை: தன்னையே காட்டாத கலைஞர்

1981இல் வெளியான 'ராஜபார்வை' இந்த விவாதத்துக்கு மிகப் பொருத்தமான படம். சிங்கீதம் ஸ்ரீனிவாச ராவ் இயக்கிய இப்படம் கமல்ஹாசனின் நூறாவது படம். அதன் நாயகன் ரகு பார்வையற்ற வயலின் கலைஞன். கச்சேரி மேடையில் புகழ்பெற்றவனாக அவனைப் படம் காட்டவில்லை. திரையிசைக் குழுவில் கூலிக்கு வாசித்து, தனியாக வாழ்ந்து, தன்மானம் காக்கும் ஒருவனாகக் காட்டுகிறது. தமிழ்த் திரைப்படத்தில் பாடகர்கள் நாயகர்களாக வந்ததுண்டு. ஒலிப்பதிவுக் கூடத்தின் வாத்தியக் கலைஞன் நாயகனாக வந்த படங்கள் அரிது. முந்தைய ஆண்டில் வந்த 'நிழல்கள்' (1980) வாய்ப்புத் தேடும் இளம் இசைக்கலைஞனைக் காட்டியது. 'ராஜபார்வை' வாய்ப்புக் கிடைத்தபின் நடக்கும் அன்றாட வேலையைக் காட்டியது.

படத்தில் கமல்ஹாசனின் விரல்களிலிருந்து எழும் வயலின் ஒலி நரசிம்மனுடையது. கதைக்குள் இருக்கும் கலைஞனுக்குப் பெயர், முகம், காதல், கோபம் எல்லாம் உண்டு. அந்த ஒலியை உண்மையில் எழுப்பியவர் திரைக்குப் பின்னால் இருக்கிறார். பெயர் அறியப்படாத உழைப்பாளியைப் பற்றிய ஒரு படம், பெயர் பரவலாக அறியப்படாத ஓர் உழைப்பாளியின் வாசிப்பால் உயிர் பெற்றிருக்கிறது. நாயகியின் தாத்தாவாக அதில் நடித்தவர் எல். வி. பிரசாத். இளையராஜாவின் இசை பல பத்தாண்டுகள் பதிவான பிரசாத் ஸ்டுடியோவின் நிறுவனர் அவர். கூடத்தின் உடைமையாளரும் கூடத்தின் வயலினும் ஒரே படத்தில் இருக்கிறார்கள். ஒருவர் முகமாக, மற்றவர் ஒலியாக.

படத்தின் வயலின் பகுதிகளைக் கவனித்துக் கேட்டால் நரசிம்மனின் தனித்தன்மை புலப்படும். வில்லின் வேகம் கூடும்போதும் ஒலி கூர்மையாகிக் கீறுவதில்லை. மேற்கத்திய நடையில் விரைந்து செல்லும் வரிகளின் முடிவில் ஒரு சுரத்தைச் சற்றே அசைத்து இறக்குகிறார். அந்த அசைவு குறிப்பில் எழுதப்படக்கூடியதன்று.

இங்கே ஒரு மறுப்பை எதிர்கொள்ள வேண்டும். இளையராஜா ஒவ்வொரு வாத்தியத்துக்கும் உரிய சுரத்தை முழுமையாக எழுதித் தருபவர். அப்படியானால் வாசிப்பவர் எழுதியதை ஒலியாக்கும் கருவிதானே என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது, படைப்பு இளையராஜாவுடையது என்பதில் ஐயமில்லை. ஆனால் இசைக்குறிப்பு சுரத்தின் உயரத்தையும் கால அளவையும் சொல்லும். வில்லின் அழுத்தத்தையும், இரு சுரங்களுக்கு இடையே விரல் கடக்கும் பாதையையும் முழுவதும் சொல்லாது. நாடகாசிரியர் வசனத்தை முழுமையாக எழுதித் தந்தாலும் நடிகரின் குரல் இன்னொருவருடையது அல்லவா? நடிகரின் பெயரை விட்டுவிட்டு யாரும் நாடக விமர்சனம் எழுதுவதில்லை.

ஹவ் டு நேம் இட்

1986இல் இளையராஜா 'ஹவ் டு நேம் இட்' என்ற இசைத்தொகுப்பை வெளியிட்டார். தியாகராஜருக்கும் பாக்கிற்கும் காணிக்கையாக்கப்பட்ட தொகுப்பு அது. காட்சியும் பாடல் வரியும் இல்லாமல் வாத்தியங்களை மட்டும் கொண்டு அமைந்தது. தனி வயலின் வாசித்தவர் நரசிம்மன். தொகுப்பின் உறையில் அவர் பெயர் இடம்பெற்றது.

வாத்தியக் கலைஞர் என்ற நோக்கில் இத்தொகுப்பு முக்கியமான திருப்பம். திரைப்பாடலில் பாடகரின் குரல் ஓயும் இடங்களில்தான் வயலினுக்கு இடம். இங்கே குரல் இல்லை. வயலினே பாட வேண்டும். அது பாடும் மொழியும் இரண்டு. பாக்கின் புகழ்பெற்ற தனி வயலின் படைப்பு ஒன்றை அடித்தளமாகக் கொண்ட பகுதியில், மேற்கத்திய ஓட்டத்தின் மீது கமகம் நிறைந்த இராக வரிகள் வந்து அமர்கின்றன. வாசிப்பவருக்கு ஒரு மரபு மட்டுமே கைவசம் இருந்தால் மற்றது விருந்தாளியாகத் தோன்றும். நரசிம்மன் வாசிப்பில் எது வீட்டார், எது விருந்தாளி என்று பிரிக்க முடிவதில்லை.

இத்தொகுப்பில் கேட்பவர் முதன்முறையாக வயலினைப் பெயரோடு கேட்டார். பழைய பாடல்களுக்குத் திரும்பிச் சென்று, இந்த வில் எங்கெங்கே ஒலித்தது என்று தேடும் கேட்பு முறை அதன் பின்னரே சாத்தியமாயிற்று. உறையில் அச்சான ஒரு வரி கேட்கும் முறையையே மாற்றுகிறது.

இசையமைப்பாளராக

நரசிம்மனின் இசையமைப்பில் குறிப்பிடத்தக்கவை 'அச்சமில்லை அச்சமில்லை' (1984), 'புதியவன்' (1984), 'கல்யாண அகதிகள்' (1985), 'ஆயிரம் பூக்கள் மலரட்டும்' (1986) ஆகியவை. கே. பாலசந்தரின் தொலைக்காட்சித் தொடர் 'ரயில் சிநேகம்' (1990) அவர் இசையில் வந்தது. அத்தொடரின் பாடல் படப்பாடல்களுக்கு நிகராகப் பரவியது.

இப்பாடல்களை விரும்பிக் கேட்பவர்களில் பலர் இவற்றை இளையராஜாவின் பாடல்கள் என்றே நம்புகிறார்கள். இதற்கு இரண்டு விளக்கங்கள் சொல்லலாம். ஒன்று, நரசிம்மன் தான் நாள்தோறும் வாசித்த இசையின் பாதிப்பில் இருந்தார் என்பது. மற்றது, அக்காலத் திரையிசையின் ஒலி என்று நாம் அடையாளம் காண்பதில் ஒரு பங்கு வாசித்த கைகளுடையது; அந்தக் கைகள் வேறு பெயரில் இசை அமைத்தபோதும் ஒலி தொடர்ந்தது என்பது. முதல் விளக்கமே பொதுவாகச் சொல்லப்படுகிறது. இரண்டாவதும் உண்மையாக இருக்க இடமுண்டு. இரண்டும் சேர்ந்தே இயங்கியிருக்க வேண்டும்.

வேறுபாடுகளும் உண்டு. நரசிம்மனின் மெட்டுகள் பெரும்பாலும் மெதுவாக விரிபவை. தாளக்கட்டின் விசையைவிட வரியின் நீளத்தை நம்புபவை. இடையிசையில் தந்திவாத்தியங்கள் பாடலுக்கு அணி செய்வதோடு நில்லாமல் பாடலின் சிந்தனையை வளர்க்கின்றன. 'அச்சமில்லை அச்சமில்லை' அரசியலால் சிதையும் ஒரு கிராமக் குடும்பத்தின் கதை. அதன் பாடல்களில் உள்ள நாட்டுப்புறச் சாயல் கூச்சலிடாமல் அமைதியாக இருக்கிறது. கதையின் கசப்புக்கு அந்த அமைதி எதிர்நிலையாக நின்று வலுச்சேர்க்கிறது.

குறையும் சொல்ல வேண்டும். அன்றைய வணிகப் படம் கேட்ட பல்வகைமையை, அதாவது துள்ளலிசை, குத்துப்பாட்டு, நகைச்சுவைப்பாட்டு ஆகியவற்றை, இவருடைய இசை எளிதில் தரவில்லை. இளையராஜா ஓராண்டில் பல பத்துப் படங்களுக்கு இசையமைத்த காலம் அது. மென்மையான ஒரே குரலைக் கொண்ட இசையமைப்பாளருக்குத் தொடர்ந்து வாய்ப்பு வருவது கடினம். படங்கள் குறைந்தன. கூடத்தின் கால்ஷீட் தொடர்ந்தது.

மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்டெட்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நரசிம்மன் அமைத்த குழு மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்டெட். முதல் வயலின் நரசிம்மன், இரண்டாம் வயலின் மோகன் ராவ், வியோலா பி. ஜே. சந்திரன், செல்லோ வி. ஆர். சேகர். நால்வரும் திரையிசைக் கூடத்தில் பல்லாண்டு பணிபுரிந்தவர்கள். இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ என்ற அமைப்பு பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் ஹைடன் போன்றோர் வளர்த்தது. இக்குழு அந்த அமைப்பில் கர்நாடகக் கீர்த்தனைகளை வாசித்தது.

இம்முயற்சியின் சிக்கல் எளிதானதன்று. கர்நாடக இசை ஒற்றைக் கோடாகச் செல்வது. இராகத்தின் உயிர் சுரங்களின் அசைவில் இருக்கிறது. மேற்கத்திய இசை பல சுரங்களை ஒரே நேரத்தில் ஒலித்து அவற்றின் இணக்கத்தில் பொருள் காண்பது. அசைந்துகொண்டிருக்கும் சுரத்துக்கு அடியில் அசையாத சுரக்கோவையை வைத்தால் இரண்டும் மோதும். கோவைக்காக அசைவை நிறுத்தினால் இராகம் போய்விடும். கர்நாடக இசையையும் மேற்கத்திய இசையையும் கலக்கும் முயற்சிகளில் பல இந்த இடத்தில்தான் தோற்கின்றன.

நரசிம்மனின் தீர்வு, மற்ற மூன்று வாத்தியங்களையும் நகரும் கோடுகளாக அமைப்பது. முதல் வயலின் கீர்த்தனையைக் கமகத்தோடு வாசிக்கும். கீழ்க்குரல்கள் அந்த இராகத்துக்குள் நின்றே தத்தம் வழியில் நடந்து, உரிய இடங்களில் மேற்குரலோடு சந்திக்கும். எனவே இசைவு ஒரு நொடியில் தோன்றி மறைகிறது, இராகத்தை அழுத்துவதில்லை. பழகிய கேட்பவருக்குக் கீர்த்தனை அப்படியே இருக்கும். அதைச் சுற்றி ஒரு வெளி திறந்திருக்கும்.

எல்லா இடத்திலும் இது வெற்றி பெறுகிறது என்று சொல்ல முடியாது. கமகம் மிகுந்த இராகங்களில் கீழ்க்குரல்கள் தயங்கி நிற்கின்றன. ஆலாபனை போன்ற கற்பனைப் பகுதிகளுக்கு எழுதிவைத்த இசையில் இடம் குறைவு. மரபுக் கச்சேரி கேட்பவர் இதை ஒரு குறையாகவே காண்பார். ஆனால் இது கச்சேரிக்கு மாற்றாக முன்வைக்கப்பட்டதன்று. திரையிசைக் கூடம் தந்த பயிற்சியை, கூடத்தின் கட்டளை ஏதுமின்றிப் பயன்படுத்தினால் என்ன செய்யலாம் என்ற கேள்விக்கான விடை இது. இசைக்குறிப்பு வாசிப்பும், கூட்டாக வில் இழுக்கும் ஒழுக்கமும், இரு மரபுகளின் அறிவும் கால்ஷீட்டில் சேர்ந்தவை. வேறு எந்தப் பள்ளியும் அன்று சென்னையில் இவை மூன்றையும் ஒருசேரக் கற்றுத்தரவில்லை.

மாறிய தொழில்

எண்பதுகளின் நடுவிலிருந்து கூடத்தின் நிலை மாறத் தொடங்கியது. 'புன்னகை மன்னன்' (1986) படத்தில் கணினி வழி இசைக்கோர்வை பயன்பட்டது. 1989இல் ரஹ்மான் தன் வீட்டிலேயே பஞ்சதன் ஒலிப்பதிவுக் கூடத்தை அமைத்தார். வாத்தியங்களைத் தனித்தனியாகப் பதிந்து பின்னர் சேர்க்கும் முறை பரவியது. ஒருவர் வந்து வாசித்துவிட்டுப் போகலாம். மற்றவரைப் பார்க்கவே வேண்டியதில்லை. பதிந்துவைத்த வயலின் ஒலிகளைக் கீபோர்டிலிருந்து எழுப்ப முடிந்தபோது, பெரிய தந்திவாத்தியக் குழுவுக்கான தேவை சுருங்கியது. பெரிய குழு வேண்டியபோது வெளிநாடு செல்லும் வழக்கமும் வந்தது. 'ஹே ராம்' (2000), 'திருவாசகம்' (2005) ஆகியவற்றுக்கான இசை புடாபெஸ்டில் பதிவாயிற்று.

இந்த மாற்றத்தில் இழப்பு மட்டும் இல்லை. ரஹ்மானின் ஒலிநாடா உறைகளில் வாத்தியக் கலைஞர்களின் பெயர்கள் அச்சாயின. 'பம்பாய்' (1995) படத்தின் கருப்பொருள் இசையில் புல்லாங்குழல் வாசித்தவர் நவீன்குமார் என்பது இரசிகர்களுக்குத் தெரிந்தது. கீத் பீட்டர்ஸின் பேஸ் கித்தாரையும் சிவமணியின் தாளவாத்தியங்களையும் தேடிக் கேட்பவர்கள் உருவானார்கள். வேலை குறைந்த அதே காலத்தில் பெயர் வெளிவந்தது. பதினான்கு ஆண்டுகளுக்கு முன் 'ராஜபார்வை'யின் வயலினுக்கு இந்த வாய்ப்பு இருக்கவில்லை.

மூன்றாவது அரங்கு மேடைப் பயணம். இசையமைப்பாளர்களின் வெளிநாட்டு நிகழ்ச்சிகள் பெருகியபின், கூடத்தில் வருமானம் இழந்த பலருக்கு அது வாழ்வாதாரம் ஆயிற்று. மேடையில் கலைஞரின் முகம் தெரியும். பெயர் சொல்லி அறிமுகப்படுத்தப்படுவார். ஆனால் எல்லோருக்கும் அங்கே இடமில்லை. விமானச் செலவைக் கருதினால் சிறிய குழுவே கட்டுப்படியாகும். தாளவாத்தியம், பேஸ் கித்தார், கீபோர்டு, புல்லாங்குழல் ஆகியவற்றுக்கு இடம் உறுதி. நாற்பது வயலின்களின் பகுதியைக் கீபோர்டோ முன்பே பதிந்த ஒலியோ நிரப்பிவிடும். கூடத்தில் பெரும்பான்மையாக இருந்த தந்திவாத்தியக் கலைஞர்களே பயணத்தில் முதலில் விடுபட்டவர்கள்.

நொச்சிக்குப்பமும் சாய் லாட்ஜும்

மேற்சொன்ன கலைஞர்கள் இசைக்குறிப்பு வாசிக்கத் தெரிந்தவர்கள், சங்கம் உடையவர்கள். அவர்களுக்கே பெயர் அரிதாக இருந்தது என்றால், சங்கத்துக்கும் வெளியே இருந்தவர்களின் நிலை இன்னும் கீழே. மெரினாவின் தென்முனையில் கலங்கரை விளக்கத்தை அடுத்து நொச்சிக்குப்பம் இருக்கிறது. அங்கிருந்து மயிலாப்பூர் சாய் லாட்ஜ் நடந்தே போய்விடக்கூடிய தொலைவு. சென்னையின் குப்பங்களிலும் குடிசைப்பகுதிகளிலும் வளர்ந்த கானா, திருமணத்திலும் சாவு வீட்டிலும் பாடப்படும் இசை. டோலக்கும் சட்டியும் அதன் வாத்தியங்கள். தொண்ணூறுகளில் தேவாவின் இசை வழியே கானாவின் நடை திரைக்கு வந்து பெரும் வரவேற்பைப் பெற்றது. ஆனால் அதை வளர்த்த பாடகர்களும் வாசிப்பவர்களும் நெடுங்காலம் திரைக்கு வெளியிலேயே இருந்தார்கள்.

2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதல் நிகழ்ச்சி நடத்திய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இந்நிலையில் ஓர் உடைப்பை உண்டாக்கியது. இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையத்தின் முன்னெடுப்பில், தென்மாவின் இசைப் பொறுப்பில் அமைந்த இக்குழு கானா, பறை, ராப், ராக் ஆகியவற்றை ஒரே மேடையில் வைத்தது. பாடியவர், பறை அடித்தவர், கித்தார் வாசித்தவர் எல்லோரும் பெயரோடு மேடையேறினர். குழுவின் பாடகி இசைவாணி 2020ஆம் ஆண்டின் பிபிசி நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். தென்மா 'இரண்டாம் உலகப்போரின் கடைசி குண்டு' (2019), 'நட்சத்திரம் நகர்கிறது' (2022) ஆகிய படங்களுக்கு இசையமைத்தார். நரசிம்மன் கூடத்திலிருந்து மேடைக்குச் சென்றார். தென்மா மேடையிலிருந்து திரைப்படத்துக்கு வந்தார். கூடம், படம், மேடை என்ற முக்கோணம் மாறவில்லை. நுழையும் வாசல் மாறியிருக்கிறது.

பெயர்ச் சிக்கலும் முடிந்துவிடவில்லை. 2021இல் 'எஞ்சாயி எஞ்சாமி' பாடல் உலக அளவில் பரவியது. அவ்வாண்டு ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் அதன் பாடலாசிரியரும் பாடகருமான அறிவின் படம் இடம்பெறாதது கடும் விவாதத்தை எழுப்பியது. 1981இல் வயலின் கலைஞரின் பெயரை யாரும் கேட்கவில்லை. 2021இல் பெயர் விடுபட்டதும் பலர் கேட்டார்கள். இடைப்பட்ட நாற்பது ஆண்டுகளில் உண்டான வேறுபாடு இது.

பெயரும் சட்டமும்

பெயர் வேண்டும் என்பதைப் புகழாசை என்று எண்ணிவிடக் கூடாது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994ஆம் ஆண்டுத் திருத்தம் நிகழ்த்துகலைஞர்களுக்கு உரிமை அளித்தது. ஆனால் ஒருமுறை திரைப்படத்தில் தம் நிகழ்த்துதலைச் சேர்க்க ஒப்புக்கொண்டால் அந்த உரிமை அத்துடன் முடிந்துவிடும் என்ற நிலை இருந்தது. 2012ஆம் ஆண்டுத் திருத்தம் இதைத் தளர்த்தி, நிகழ்த்துதல் வணிக நோக்கில் பயன்படும்போது கலைஞருக்கு உரிமைத்தொகை உண்டு என்றது. தம் நிகழ்த்துதலுக்கு உரியவராக அடையாளம் காட்டப்படும் உரிமையையும் அது சேர்த்தது.

அதே திருத்தத்தில் ஒரு விலக்கும் இருக்கிறது. திரைப்படத்தில் ஒருவரின் பங்களிப்பு தற்செயலானதாகவோ சிறு துணையாகவோ இருந்து, தொழில் வழக்கப்படி பெயர்ப்பட்டியல் உட்பட எங்கும் அவர் பெயர் குறிப்பிடப்படுவதில்லை என்றால், அவர் பெரும்பாலான நோக்கங்களுக்கு நிகழ்த்துகலைஞராகக் கருதப்படமாட்டார். ஒரு பாடலின் தனி வயலினைத் தற்செயலானது என்று யாரும் சொல்லத் துணியமாட்டார்கள். என்றாலும் பெயர் எங்கும் அச்சாகாத ஒருவர் தாம் வாசித்ததை நிறுவுவது எளிதன்று. பட்டியலில் பெயர் இல்லாமை வெறும் மரியாதைக் குறைவாக நின்றுவிடுவதில்லை. உரிமையின் அடித்தளத்தையே அது ஆட்டுகிறது.

பாடகர்கள் 2013இல் தமக்கென ஓர் உரிமைச் சங்கத்தைப் பதிவுசெய்து உரிமைத்தொகை பெற வழி கண்டனர். பாடகரின் பெயர் இசைத்தட்டில் அச்சாகி வந்ததால் அவர்களுக்குச் சான்று இருந்தது. வாத்தியக் கலைஞருக்கு முதல் தேவை, எந்தப் பதிவில் எவர் எதை வாசித்தார் என்ற பட்டியல். கூடத்தில் இருந்த மூத்தவர்களின் நினைவே அதற்கு மிஞ்சியிருக்கும் ஆவணம். ஒவ்வொருவர் மறையும்போதும் அதில் ஒரு பகுதி அழிகிறது.

மதிப்பீடு

நரசிம்மனின் மூன்று பணிகளையும் ஒப்பிட்டால் ஒரு முரண் தெரிகிறது. மிகுதியான மக்கள் கேட்டது அவருடைய கூட வாசிப்பை. அதில் அவர் பெயர் இல்லை. அவர் பெயர் தாங்கிய திரைப்பாடல்களை மக்கள் வேறொருவர் பெயரில் நினைவு வைத்திருக்கிறார்கள். அவர் பெயரோடே அறியப்படும் நால்வர் குழுவைக் கேட்டவர்கள் மிகச் சிலர். கேட்பவர் எண்ணிக்கையும் பெயரும் எதிரெதிர்த் திசையில் நகர்ந்திருக்கின்றன.

கலைத் தரத்தில் இம்மூன்றில் முதலிடம் பெறுவது கூட வாசிப்பும் நால்வர் குழுவும்தான். இசையமைத்த படங்கள் இனியவை. ஆனால் எண்ணிக்கையிலும் வகையிலும் குறுகியவை. 'ராஜபார்வை', 'ஹவ் டு நேம் இட்' ஆகியவற்றில் ஒலிக்கும் வயலின் தமிழ்த் திரையிசையின் உச்சங்களில் ஒன்று. நால்வர் குழு, இரு மரபுகளின் கலப்பு எங்கே கூடும், எங்கே கூடாது என்பதை வாசித்துக் காட்டிய நேர்மையான ஆய்வு.

இசை பயிலும் மாணவர்களுக்கு இதில் ஒரு பயிற்சி உண்டு. எண்பதுகளின் திரைப்பாடல் ஒன்றை எடுத்துக்கொண்டு, முதல் முறை குரலை மட்டும் கேட்கலாம். இரண்டாம் முறை தந்திவாத்தியங்களை மட்டும் கேட்கலாம். மூன்றாம் முறை தனி வயலின் வரும் நொடிகளில் வில் எங்கே திரும்புகிறது, எந்தச் சுரம் அசைகிறது என்று கவனிக்கலாம். அதன்பின் இதை வாசித்தவர் யார் என்ற கேள்வி தானாகவே எழும். அக்கேள்விக்குப் பாடல் தோறும் விடை எழுதி வைப்பதே தமிழ்த் திரையிசை வரலாற்றில் அடுத்துச் செய்ய வேண்டிய வேலை. வாசித்தவர்களில் பலர் இன்னும் நம்மிடையே இருக்கும்போதே அதைத் தொடங்கிவிட வேண்டும்.